தொழில் மறவாக் கையும் வழி மறக்கும் நெஞ்சும்

2008-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, வேலூரை அடுத்த சிற்றூர்களுக்கு எதிர்பாராத ஒரு பெருமையைத் தேடித் தந்தது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, பெரு, மெக்சிகோ, சீனா, இந்தியா என்னும் ஏழு நாடுகளில், பதினொரு களங்களில், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 15,000 பேரை வீடு தேடிச் சென்று கண்டு முதுமை மறதிநோயைக் கணக்கெடுத்த ஆய்வு அது. இந்தியாவின் நகர்ப்புறத்துக்குச் சென்னையும் ஊர்ப்புறத்துக்கு வேலூர் வட்டாரமும் களங்களாக அமைந்தன. மனநல மருத்துவர் அன்று பரவலாகக் கையாண்ட அமெரிக்க வரையறையைக் கொண்டு அளந்தபோது, கியூபாவில் நூற்றுக்கு அறுவர்க்கு மேல் நோயுற்றிருந்தனர். ஊர்ப்புற இந்தியாவில் அந்த அளவு 0.3 விழுக்காடு, ஆயிரவருள் மூவர். எல்லாக் களங்களிலும் அதுவே மிகக் குறைவு.

இக்கணக்கைப் படித்தவர் பாலாற்றங்கரையின் உணவையோ கூட்டுக்குடும்ப வாழ்வையோ வாழ்த்திவிட்டு அமைதி கொண்டிருக்கலாம். ஆய்வாளர் அமைதி கொள்ளவில்லை. கல்வியின் ஏற்றத்தாழ்வைக் கருத்திற்கொண்டு தாமே வகுத்த மற்றோர் அளவுகோலால் அதே மக்களை அளந்தனர். இப்போது நோயின் அளவு களத்துக்குக் களம் அவ்வளவு வேறுபடவில்லை. எல்லா இடங்களிலும் 5.6 விழுக்காட்டுக்கும் 11.7 விழுக்காட்டுக்கும் இடையில் வந்து நின்றது. அமெரிக்க வரையறை ஒரு நிபந்தனை விதித்தது. நினைவுக் குறைவு ஒருவரது அன்றாடச் செயலையும் சமூக வாழ்வையும் பாதித்திருக்க வேண்டும். அவ்வாய்வில் அதற்கு வீட்டாரே சான்று பகர வேண்டியிருந்தது. வளம் குறைந்த களங்களில் வீட்டார் அச்சான்றைத் தரவில்லை. வயதுக்கு ஏற்ற மறதிதான், வேறொன்றுமில்லை என்றனர். அவர்கள் பொய்யுரைத்தார்கள் என்று நாம் கொள்ளவில்லை. கடைக்குப் போக வேண்டா, கணக்குப் பார்க்க வேண்டா, பேருந்து ஏற வேண்டா, திண்ணையில் அமர்ந்திருந்தால் போதும் என்று விடப்பட்ட ஒருவரிடம் எந்தக் குறை வெளிப்படும்? அன்பினால் விளைந்த அறியாமை அது, ஆயினும் அறியாமையே.

அவ்வாய்வை நடத்திய குழுவுக்கு ‘10/66’ என்று பெயர். மறதிநோயாளருள் மூன்றில் இரு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், அன்று வளரும் நாடுகளில் வாழ்ந்தனர். அவர்களைப் பற்றிய மக்கள்தொகை ஆய்வோ மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. அந்த அநீதியையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு 1998-இல் பிறந்தது அக்குழு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறைப் பேராசிரியர் கே.எஸ். ஜேக்கப் இங்குள்ள பணியை முன்னின்று நடத்தினார். அக்கல்லூரியின் சமூக நலத்துறை பல்லாண்டுகளாகத் தொண்டாற்றிவரும் கணியம்பாடி ஒன்றியமே ஆய்வுக் களமாயிற்று. அவ்வாய்வு சுட்டிய உண்மைக்கு அரசும் ஆலைகளும் இன்னும் செவி சாய்க்கவில்லை. வேலூரைச் சூழ்ந்த தோல் தொழில் மண்டலம் முதுமையின் வாயிலில் வந்து நிற்கும் இவ்வேளையில் அதை மீண்டும் எடுத்துரைப்பது நம் கடமையாகிறது.

இம்மண்டலம் முதுமை எய்துவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலை அரைப்பதமாக்கிக் கப்பலேற்றி வந்த வட ஆர்க்காடு, 1970களில் வேறு பாதைக்குத் திரும்பியது. சீதாராமையா குழுவின் 1972-ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஒட்டி, பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் காலணியையும் இங்கேயே செய்யுமாறு நடுவணரசு தூண்டிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று ஊருக்கு ஊர் ஆலைகள் பெருகின. காலணி ஆலைகளின் தையற்கூடங்கள் பெண்களால் நிரம்பின. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் இளம்பருவத்தில் ‘கம்பெனி’ வாயிலைக் கடந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர், அல்லது நெருங்கிவிட்டனர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காடு என்று நடுவணரசின் முன்மதிப்பீடு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அறுபது கடந்த இந்தியருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுற்றவர் என்று 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு கணித்தது. ஆணைவிடப் பெண்ணுக்கும், நகரைவிட ஊர்ப்புறத்துக்கும் அந்நோய் மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிவு. வேலூரின் 0.3 விழுக்காட்டை எவரேனும் இன்னும் பெருமையோடு நினைவுகூர்ந்தால், அவர் இவ்வரியை இருமுறை படிக்க வேண்டும்.

மறதி என்றவுடன் பெயர் மறப்பதும், சாவி வைத்த இடம் மறப்பதும், சொன்னதையே சொல்வதும் நினைவுக்கு வருகின்றன. மூளையின் முதுமை பல வேளைகளில் அதற்கு முன்னரே வேறோர் இடத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. இடமறியும் ஆற்றலே அது: தான் எங்கே நிற்கிறோம், வந்த வழி எது, திரும்பும் வழி எது, இவ்விரு தெருக்களும் எங்கே கூடும் என்று எண்ணிப் பாராமலே அறிந்துகொள்ளும் திறம். இத்திறத்துக்கு மூளையில் குறிப்பிட்ட உறைவிடம் உண்டு. பொட்டெலும்பின் உட்புறம், இருபக்கமும் ஒவ்வொன்றாக, கடற்குதிரை வடிவில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், ஒரு விலங்கு குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் உயிரணுக்கள் உள்ளன என்று 1971-இல் இலண்டனில் ஜான் ஓகீஃப் கண்டறிந்தார். அறையின் இந்த மூலைக்கு ஓரணு, அந்த மூலைக்கு மற்றோரணு. எல்லாம் சேர்ந்தால் இடத்தின் வரைபடம். அதற்கு அண்டையிலுள்ள என்டோரைனல் புறணியில், நிலப்பரப்பையே அறுகோண ஒழுங்கில் கட்டம் போட்டு அளக்கும் உயிரணுக்கள் இருப்பதை 2005-இல் நார்வே நாட்டில் எட்வர்ட் மோசரும் மே-பிரிட் மோசரும் கண்டனர். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயது ஏறுங்கால் இவ்வரைபடத்துக்கு என்ன நேர்கிறது? முதுமையில் மூளை அணுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துபோவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. அது பிழை. இடமறிதலில் தடுமாறிய கிழ எலிகளின் ஹிப்போகாம்பஸை 1996-இல் எண்ணிப் பார்த்தபோது, அணுக்களின் தொகை இள எலிகளுக்குச் சற்றும் குறையவில்லை. அணு இருக்கிறது, அணுவுக்கும் அணுவுக்கும் இடையிலான இணைப்பு தளர்கிறது. புதிய அனுபவத்தை அந்த இணைப்பில் பதிக்கும் வலிமை குன்றுகிறது. அமெரிக்க ஆய்வாளர் கரோல் பார்ன்ஸ், வட்ட மேடையின் ஓரத்தில் துளைகள் அமைத்து அவற்றுள் ஒன்றை மட்டும் புகலிடமாக்கி, எலிகள் அதைக் கண்டுபிடிக்கக் கற்கும் திறத்தை 1979-இல் சோதித்தார். கிழ எலிகள் பின்தங்கின. அவரும் தோழரும் 1997-இல் கண்டது இன்னும் கருதத்தக்கது. நன்கு பழகிய இடத்துக்கே கிழ எலியைத் திரும்பக் கொணர்ந்தபோது, சில வேளைகளில் அதன் மூளை அவ்விடத்துக்கு உரிய வரைபடத்தை விடுத்து வேறொரு வரைபடத்தை எடுத்து விரித்துக்கொண்டது. எலி நின்றது தெரிந்த அறை. அதன் மூளைக்கோ அது புதிய அறை. நாற்பதாண்டு வாழ்ந்த தெருவின் முனையில் நின்றுகொண்டு இது எந்த ஊர் என்று கேட்கும் முதியவரைப் பார்த்துச் சிரிப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாக் கிழ எலிகளும் தடுமாறுவதில்லை. ஒரே வயதின, சில இளையவற்றுக்கு நிகராகக் கற்கின்றன, சில கற்பதில்லை. மனிதரிடத்தும் அப்படியே. முதுமை ஒரே தன்மையுடைய வீழ்ச்சியன்று என்பதனால்தான், யார் எந்நிலையில் இருக்கிறார் என்று கேட்டறிய வேண்டியது கட்டாயமாகிறது.

தோல் தொழிலாளர்க்கு இச்செய்தியில் தனிப்பொருள் ஒன்றுண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்னும் இளைஞருக்கு, வலிப்பு நோயைத் தணிக்கும்பொருட்டு, இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அறுத்தெடுத்தனர். அதன்பின் அவரால் எப்புது நிகழ்ச்சியையும் நினைவில் நிறுத்த இயலவில்லை. கனடாவைச் சேர்ந்த உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு பயிற்சி தந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் ஒவ்வொரு நாளும், இவ்வேலையை இன்றுதான் முதன்முதல் செய்கிறேன் என்றே அவர் நம்பினார். கையின் நினைவு வேறு, நிகழ்ச்சியின் நினைவு வேறு, மூளையில் அவை தங்குமிடங்களும் வேறு என்பதை உலகம் அறிந்தது அப்போதுதான்.

காலணி ஆலையின் கட்டிங் மேசையில் முப்பதாண்டு நின்றவரை எண்ணிப் பாருங்கள். முதுகுப் பகுதித் தோல் இறுக்கமானது, வயிற்றுப் பகுதி நெகிழ்வது. முள் கீறிய தழும்பு எங்கே, உண்ணி கடித்த துளை எங்கே, எப்பக்கம் இழுத்தால் நீளும் என்பதெல்லாம் விரல் தடவியவுடன் அவருக்குப் புலப்படும். ஒரு சதுர அடியும் வீணாகாமல் அச்சுகளை அடுக்கி வெட்டுவார். இத்திறம் அவரது எழுபதாம் வயதிலும் பெரிதும் எஞ்சியிருக்கக் கூடும். வீட்டில் பழைய செருப்பு அறுந்தால் அவர் தைத்துத் தருவார். பேரனின் பள்ளிப் பை கிழிந்தால் ஒட்டுப் போடுவார். அதைக் கண்ட குடும்பம், இவர் மூளைக்கு என்ன குறை என்று கேட்கிறது. நியாயமான கேள்வியாகத் தோன்றும், அடிப்படை தவறு. கை தொழிலை மறவாதிருப்பது, கால் வழியை மறவாதிருப்பதற்குச் சான்றாகாது. கைத்திறம் மிக்க தொழிலாளர் நிறைந்த ஊரில் மறதிநோய் காலந்தாழ்ந்தே கண்டறியப்படும் என்று நாம் அஞ்சுவதற்கு இதுவே காரணம். தொழிலால் வந்த மதிப்பே நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

அல்சைமர் நோயில் மூளையின் எப்பகுதி முதலில் சிதைகிறது என்பதை ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் பிராக் இணையர் 1991-இல் வரிசைப்படுத்தினர். அவ்வரிசையின் தொடக்கத்தில் நிற்பது என்டோரைனல் புறணி. அதாவது நிலத்தைக் கட்டம் போட்டு அளக்கும் அதே பகுதி. ஆகவே, பழகாத ஓரிடத்தில் வழி காண்பதில் புதிதாகத் தோன்றும் தடுமாற்றம், பிற அறிகுறிகளுக்கு முன்னோடியாக வரக்கூடும். இயல்பான முதுமைக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும், வீண் அச்சம் வேண்டா என்பதற்காக. அறுபத்தெட்டு வயதினர் ஒருவர் சென்னைக்குப் போய் மருமகள் வீட்டுத் தெருவை இரண்டாம் முறையும் கண்டுபிடிக்கத் திணறினால், அது பெரும்பாலும் வயதின் கூறு. ஆம்பூரில் தாம் நாள்தோறும் தொழப் போகும் பள்ளிவாசலிலிருந்தோ கோயிலிலிருந்தோ வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றால், அது மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தி. ஒருமுறை நேர்ந்தாலும் சொல்லத்தக்கது.

இயல்பான முதுமையிலும் வழியறியும் முறை மாறுகிறது. இளையவர் ஊரை மேலிருந்து நோக்குவார்போல் மனத்தில் விரித்து, அடைபட்ட தெருவுக்கு மாற்றுத் தெரு காண்பர். முதியவர் அடையாளங்களைப் பற்றிக்கொண்டு, இந்தப் புளியமரம் வந்தால் இடப்பக்கம், அந்த அரிசிக்கடை வந்தால் வலப்பக்கம் என்று படிப்படியாகப் போவர். தமிழுக்கு இம்முறை புதிதன்று. ஆற்றுப்படை நூல்கள் வழி சொன்னதும் நிலத்தையும் மரத்தையும் ஊரையும் அடையாளமாக்கித்தான். சிறுபாணாற்றுப்படையில் வேலூரும் ஆமூரும் வருகின்றன என்று நம்மவர் சிலர் மகிழ்வதுண்டு. அவை நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டு ஊர்கள், நம் வேலூரும் ஆம்பூரும் அல்ல. பாணனுக்கு வழி சொல்லும் அப்பாட்டின் முறை மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்: அடையாளம் நிலைத்திருந்தால் வழி நிலைத்திருக்கும்.

நம் ஊர்களில் நிலைக்காதது அடையாளமே. வேலூரின் புதிய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு 2022-இல் வேறு தோற்றத்தோடு எழுந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரி இராணிப்பேட்டை அருகே மற்றொரு பெரிய வளாகம் அமைத்தது. வாழ்நாளெல்லாம் ஐடா ஸ்கடர் சாலையையே மருத்துவமனை என்று அறிந்திருந்தவர் நெடுஞ்சாலையோரத்தில் புது நடைகூடங்களைக் கற்க வேண்டியிருக்கிறது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ஆட்சியர் அலுவலகம் எங்கே என்ற வினாவுக்கு ஆம்பூர் முதியவர் புது விடை பயில வேண்டியதாயிற்று. இவற்றை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. வளர்ச்சியின் தேவைகள் இவை. ஆனால் புதிய இடத்தைக் கற்கும் ஆற்றல் முதுமையில் முன்கூட்டியே குன்றக்கூடும் என்று அறிந்தபின், கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டு வழியைக் கட்டாமல் விடுவது பொறுப்பின்மை. தளத்துக்கு ஒரு நிறம், வாயிலுக்கு ஒரு படம், தமிழிலும் உருதுவிலும் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பெரிய எழுத்து, கேட்டால் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள்: இவற்றுக்குக் கோடிகள் தேவைப்படா. எழுதப் படிக்க அறியாத மூதாட்டிக்கு எண்ணும் அம்புக்குறியும் பயன்படாமற்போகலாம் என்பதை வரைவாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கைப்பேசியில் ஆடிய வழிகாணும் விளையாட்டைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. நகருக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழிகாண்பதில் பொதுவாக மேம்பட்டிருந்தனர். நேர்கோட்டுத் தெருக்களைக் கொண்ட நகரில் வளர்ந்தவர்களைவிட, கோணல் தெருக்களில் வளர்ந்தவர்கள் சிக்கலான வழிகளில் தேர்ந்திருந்தனர். அப்பயன் பின்வயதிலும் தொடர்ந்தது. ஆம்பூரின் வளைந்த சந்துகளைப் பழிப்பதே வழக்கமாகிவிட்ட நமக்கு, அச்சந்துகள் நம் மூளைக்கு ஏதோ கற்பித்திருக்கின்றன என்பது ஓர் ஆறுதல்.

கற்பித்தது நடந்தவர்க்குத்தான். இலண்டன் நகரின் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்தே உரிமம் பெறுகின்றனர். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பிறரைவிடப் பெரிதாக இருப்பதை 2000-இல் எலினோர் மெக்வயர் காட்டினார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களை அளந்து, உரிமம் பெற்றவர்களிடம் அப்பகுதி வளர்ந்ததை 2011-இல் அவர் குழு உறுதிசெய்தது. அதே 2011-இல் அமெரிக்காவில் 120 முதியோரிடம் நடந்த சோதனை நம்மை நேரடியாகத் தொடுவது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 40 மணித்துளி, ஓராண்டு விரைந்து நடந்தோரின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோரிடம் அது 1.4 விழுக்காடு சுருங்கியது. நடைக்கு மருந்துக்கடை வேண்டா. ஆனால் நடக்க வழி வேண்டும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஆம்பூரை ஊடறுத்துப் போகிறது. அதன் குறுக்கே செல்ல அஞ்சி வீட்டோடு கிடக்கும் முதியவர்க்கு நடைபாதையும் நிழலும் உட்காரக் கல்லும் வேண்டும். ‘வெளியே போகாதே, விழுந்துவிடுவாய்’ என்று தடுக்கும் மகனின் அன்பைப் பாராட்டலாம். அவ்வன்பின் விலையையும் அவர் அறிந்திருத்தல் நன்று.

ஆலைகளின் கடமைக்கு வருவோம். மறதிநோயின் சுமையில் ஏறத்தாழ 45 விழுக்காடு, மாற்றத்தக்க பதினான்கு காரணிகளோடு தொடர்புடையது என்று ‘லான்செட்’ ஆணையம் 2024-இல் தொகுத்தது. இளமையில் கல்வியின்மை, குருதியழுத்தம், நீரிழிவு, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறை, செவிக் குறை ஆகியவை அவற்றுட் சில. செவிக் குறை ஆலையோடு நேரே தொடர்புடையது. பெரிய மரத்தொட்டிகள் சுழலும் கூடத்திலும் சதை நீக்கும் எந்திரத்தின் அருகிலும் முப்பதாண்டு உழைத்தவரின் செவி எந்நிலையில் இருக்கும்? இரைச்சலால் வரும் செவிக் குறை, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டம் ஏற்ற தொழில்நோய்களுள் ஒன்று. செவிக்கருவி எல்லோர்க்கும் நினைவைக் காக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. இடர் மிகுந்த முதியோரிடம் மூன்றாண்டில் அறிவுத் தேய்வின் வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று 2023-இல் வந்த அமெரிக்கச் சோதனை காட்டியது. பள்ளிப் படிப்பும் இன்றி, அழுத்தமும் நீரிழிவும் கொண்ட நம் தொழிலாளர் இடர் மிகுந்தோரே. காலணி ஒட்டும் பசையிலுள்ள கரைப்பான்களின் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது நினைவையும் கவனத்தையும் குலைக்கும் என்று டென்மார்க், பின்லாந்து, சுவீடன் நாடுகளின் தொழில் மருத்துவர்கள் 1970களிலிருந்தே எச்சரித்து வருகின்றனர். நீர் கலந்த பசைக்கு மாறிய ஆலைகளைப் பாராட்டுவோம். மாறாதவை காற்றோட்டத்தையேனும் சரிசெய்யட்டும்.

இம்மண்டலம் ஒரு பாடத்தை நாட்டுக்கே கற்பித்தது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே, மாசு செய்தவர் ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் கூறாக்கியது. நிலத்துக்கும் நீருக்கும் பொருந்திய முன்னெச்சரிக்கை, அங்கு உழைத்த மனிதரின் செவிக்கும் மூளைக்கும் பொருந்தாதா என்பதே நம் வினா. ஓய்வு பெறும் நாளில் மாலையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தனுப்பும் ஆலை, ஒரு செவிச் சோதனையும் ஒரு நினைவுச் சோதனையும் செய்து அனுப்பலாம். ஐந்தாண்டுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். அந்த 120 ரூபாயை ஆலையே கட்டினால் அதன் கணக்கேட்டில் ஒரு தோலின் விலையும் குறையாது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். தையற்கூடத்தில் பகலெல்லாம் குனிந்திருந்து மாலையில் கம்பெனி வண்டியில் ஊர் திரும்பி, வீட்டில் நினைவிழந்த மாமியாரைத் தேடிப் பிடித்துச் சோறூட்டும் பெண்ணே இன்றைய பராமரிப்பு முறை. வேறு முறை ஏதும் நம்மிடம் இல்லை. கோவாவில் அமித் டயஸ் என்னும் மருத்துவரும் குழுவினரும், உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பி, பராமரிப்போரின் மனச்சுமை குறைவதை 2008-இல் நிறுவினர். நிபுணரின் துணையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரே போதுமாயினர்.

கருவியும் நம்மிடமே உள்ளது. கணியம்பாடி அனுபவத்தைக் கொண்டு, ஊர்ப்புறத்துக்கு ஏற்ற சுருக்கமான மறதிநோய் வினாத்தொகுப்புகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் உருவாக்கி 2009-இல் வெளியிட்டனர். முதியவரிடம் கேட்பது ஒன்று, வீட்டாரிடம் கேட்பது ஒன்று. 10/66 குழு கையாண்ட வினாத்தாளிலும் கடை எங்கே இருக்கிறது என்று முதியவரிடமும், வெளியில் வழி தவறினாரா, வீட்டுக்குள்ளேயே தடுமாறினாரா என்று உறவினரிடமும் கேட்கும் வினாக்கள் உண்டு. மற்றொரு புறம், 2021 ஆகஸ்ட் 5-இல் அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், குருதியழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வீடு போகின்றனர். வினாவும் இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறார். இரண்டையும் சேர்க்கும் அரசாணை மட்டும் இல்லை.

அவ்வாணையை மக்கள் நல்வாழ்வுத் துறை பிறப்பிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய நான்கு ஊர்களிலும் அறுபது கடந்தோர் எல்லோரிடமும் ஆண்டுக்கொருமுறை தன்னார்வலர் இவ்வினாக்களைக் கேட்கட்டும். உருது பேசும் வீடுகளில் உருதுவிலேயே கேட்கட்டும். விடையில் ஐயம் எழுந்தவர்க்கு வட்டார மருத்துவமனையில் குறிப்பிட்ட கிழமையில் முதியோர் பிரிவு நடக்கட்டும். அங்கேயே செவியும் கண்ணும் பார்க்கப்படட்டும். தைராய்டுக் குறைவும் பி-12 சத்துக் குறைவும் மனச்சோர்வும் மறதியைப் போல் தோன்றக் கூடும் ஆதலால் அவற்றுக்கான சோதனையும் அங்கேயே முடியட்டும். ஓய்வு பெற்ற தொழிலாளரின் பட்டியலை ஆலைகளும் தொழிற்சங்கங்களும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களும் தரட்டும். எத்தனை பேரிடம் கேட்டனர், எத்தனை பேர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர், எத்தனை பேர் வந்தனர் என்னும் மூன்று எண்களைத் திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் வெளியிடட்டும். முதலாண்டில் அவ்வெண்கள் 0.3 விழுக்காட்டைவிடப் பன்மடங்கு பெரிதாக வருமாயின், அதற்காக எந்த அலுவலரும் கடிந்துகொள்ளப்படலாகாது.